சும்மா இருப்பவர்களின் பெயர்கள்

பால் பொங்கி அடுப்பில் வழிந்து, தீய்ந்த வாடை கூடத்துக்கு வந்த பிறகும் தேவிப்ரியா அசையவில்லை. கையில் கரண்டியோடு அடுப்புக்கு முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. உதடு மட்டும் விறுவிறுவென்று எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்த ரெங்கராஜுக்கு அப்போது பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"ஏய், பாலு பூராத்தையும் அடுப்புக்கா குடிக்கக் குடுக்குற?"

அவனே எட்டி அடுப்பை அணைத்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு இமை அடித்தது. வழிந்த பாலைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"என்னமோ ஈரக் காத்து அடிச்சாப்ல இருந்துச்சுங்க."

இலுப்பூரில் ஈரக்காற்றாம்! ஐப்பசி பிறந்து ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு பொட்டு விழவில்லை, வாசலில் செம்மண் புழுதி கணுக்கால் வரை ஏறியது. ஆனால் அவள் தலைமுடி நுனியில் நிஜமாகவே நீர் கோத்திருந்தது. சமையற்கட்டில் உப்பு வாடை, கடல் வாடை. அவள் பிறந்த வீடு கடலோரத்து மணமேல்குடியில். அங்கேயிருந்து யாராவது கருவாடு கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள், அதை எங்காவது மூலையில் ஒளித்து வைத்திருப்பாள் என்று ரெங்கராஜ் முடிவு கட்டிக்கொண்டான்.

"வீட்ல சும்மாதானே கெடக்குற? ஒரு பாலைப் பாத்துக்க முடியல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

சும்மா என்ற சொல் அவன் வாயில் வெற்றிலை மாதிரி எந்நேரமும் அரைபட்டுக்கொண்டே இருக்கும். கல்லூரி முதல்வர் சும்மா சீட்டைத் தேய்க்கிறார். மற்ற ஆசிரியர்கள் சும்மா சம்பளம் வாங்குகிறார்கள். வாட்ச்மேன் சும்மா கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பொண்டாட்டி என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "வீட்ல சும்மாதான் இருக்கா." காலையில் எழுந்து இரவு படுக்கும்வரை அவள் உட்கார்ந்து ஒருவரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். இலுப்பூருக்கும் விராலிமலைக்கும் நடுவே பொட்டலில் நிற்கிற அந்தத் தனியார் பொறியியல் கல்லூரியில், கணினித் துறைத் தலைவர் ரெங்கராஜ் ஒருவனைத் தவிர உலகமே சும்மா இருந்தது. அவனோ ஒரே ஒரு பிஎச்.டி.யை முடிக்க முடியாமல் ஆண்டுக்கணக்காக முக்கிக்கொண்டிருந்தான்.

அந்தப் பிஎச்.டி.க்காகத்தான் ஓர் ஏற்பாட்டில் கல்லூரியைச் சேர்த்துவிட்டான். பல பல்கலைக்கழகங்கள் கூடி, தங்களிடம் வேலையில்லாமல் கிடக்கிற கணினிகளை எல்லாம் இணையத்தில் ஒன்றாகக் கோத்து, ஒரு பெரிய ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தன. வங்கக் கடலுக்கு மேலே இருக்கிற வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, காற்று எப்படி ஓடும், ஈரம் எங்கே திரளும், மழை எங்கே கொட்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது. ஒரு கணினிக்கு ஒரு கட்டம். யாராவது மவுஸைத் தொட்டால் கணக்கு ஒதுங்கிக்கொள்ளும், கை எடுத்தால் மறுபடி வந்து உட்காரும். கணினி பாதியில் அணைந்துபோனால், விட்ட இடத்திலிருந்து வேறொரு பல்கலைக்கழகத்துக் கணினி அதே பெயரில் தொடரும். நாம் எவ்வளவு இரவல் கொடுக்கிறோமோ, அதற்கேற்ப நம் ஆராய்ச்சிக்குப் பெரிய கணினியில் முறை கிடைக்கும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று லேப் முழுவதையும் ரெங்கராஜ் தூக்கிக் கொடுத்துவிட்டான். பொதுவாகக் கை எடுத்துச் சில நிமிடம் பார்த்துவிட்டுத்தான் கணக்கு உள்ளே வரும். அந்தச் சில நிமிடமும் வீணாகக் கூடாது என்று, எடுத்த மறுகணமே வரும்படி மாற்றி வைத்தான்.

ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர் கேட்டது. மற்ற ஊர்க்காரர்கள் நதிகளின் பெயர், நட்சத்திரங்களின் பெயர் என்று வைத்திருந்தார்கள். ரெங்கராஜுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சும்மா கிடக்கிற மெஷினுக்குச் சும்மா கிடக்கிறவர்கள் பெயர்தானே பொருத்தம்? முதல்வர் பெயரை ஒன்றுக்கு வைத்தான். வாட்ச்மேன் பெரியண்ணன் பெயரை வாசல் வரிசையில் ஒன்றுக்கு வைத்தான். கூட வேலை பார்க்கும் ஆசிரியை திலகவதி பெயரை நடு வரிசையில் வைத்தான். கடைசியில் நடு வரிசை ஓரத்தில் ஒரு பழைய டப்பா மிஞ்சியது, தொட்டால் எழுந்திருக்கவே நேரமெடுக்கும் கணினி. அதற்கு யார் பெயர் என்று யோசிக்கும்போது வீட்டிலிருந்து போன் வந்தது. வரும்போது கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னாள். போனை வைத்துவிட்டு, தேவிப்ரியா என்று தட்டினான்.

அந்த டப்பாதான் இப்போது எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் முதலிடத்தில் நின்றது. கோடி கொட்டி வாங்கிய கணினிகள் எல்லாம் அதற்குப் பின்னால். எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று ரெங்கராஜுக்குத் தெரியும். லாபமான தப்பை எவன் திருத்துவான்? இன்னும் வேலை அனுப்புங்கள், எங்கள் தேவிப்ரியா தாங்கும் என்று, ஏற்பாட்டை நடத்துகிற சென்னை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டான். அனுப்பினார்கள்.

செமஸ்டர் விடுமுறை. மாணவர்கள் இல்லாத லேபில் கணினிகளின் விசிறிகள் மட்டும் இரைந்துகொண்டிருந்தன. வெளியே வெயில், உள்ளே ஏசி, அதையும் மீறி ஓர் ஈர நசநசப்பு, நனைந்த துணியைக் காயவைக்காமல் மடித்து வைத்த வாடை. சுவரில் நீர் பூத்திருந்தது. மதியத்துக்கு மேல் திலகவதி கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"சார், பெரியண்ணன் அண்ணன் ஒரு மாதிரியா இருக்காரு. நாலஞ்சு நாளாவே இப்படித்தான். கண்ணைத் தொறந்துக்கிட்டே உக்காந்திருக்காரு, கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறாரு."

"அவன் என்னைக்கும்மா திரும்புனான்? அவனுக்கு அதான வேலை."

"இல்ல சார். எனக்கும் அப்படி ஆவுது. பஸ்ஸுல உக்காந்தா, எறங்குற எடம் போனதே தெரியல. ரெண்டு தடவை விராலிமலைக்கே போயிட்டேன்."

"ராத்திரி சீரியல் பாக்காம தூங்குங்க, சரியாப் போயிரும்."

அவள் முகம் சுருங்கிப் போனது. அப்போதுதான் கரண்ட் போனது.

போனால் என்ன? யூ.பி.எஸ். தாங்கும், பெரியண்ணன் போய் ஜெனரேட்டரைப் போட்டுவிடுவான். மற்ற எதற்கு லாயக்கில்லை என்றாலும் அந்த ஒன்றைச் சுணங்காமல் செய்வான். ரெங்கராஜ் காத்திருந்தான். ஜெனரேட்டர் சத்தம் வரவில்லை. யூ.பி.எஸ். கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கண்டபடி திட்டிக்கொண்டே படி இறங்கினான், பின்னாலேயே திலகவதி.

கேட்டுக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகை நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியண்ணன் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. காலடியில் செம்மண் குழம்பியிருந்தது. சுற்றிலும் ஒரு சொட்டு ஈரம் கிடையாது, தரை வெடித்துக் கிடந்தது. அவர் உதடு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ரெங்கராஜ் குனிந்து கேட்டான். எண்கள். ஓர் எண்ணுக்குப் பின்னால் இன்னோர் எண், மூச்சு விட இடமில்லாமல். எட்டாவது தாண்டாத மனுஷன்.

"யோவ், பெரியண்ணே!"

தோளைப் பிடித்து உலுக்கினான். தோள் கிணற்றுக் கல் மாதிரி சில்லென்று இருந்தது. மேலே லேபில் கத்திக்கொண்டிருந்த யூ.பி.எஸ்.களில் ஒன்று நீளமாக ஒரு ஊளை விட்டு ஓய்ந்தது. வாசல் வரிசைக்கானது.

பெரியண்ணனின் உதடு நின்றது.

விழவில்லை, சாயவில்லை. மூச்சு வந்து போனது. கண் திறந்திருந்தது. அதற்கு உள்ளேதான் யாரும் இல்லை. பூட்டாமல் விட்டுப்போன வீட்டை எட்டிப் பார்ப்பது போலிருந்தது. கல்லூரி வேன் டிரைவர் ஓடிவந்து, அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்கு விரட்டினான். அடைப்பாகத்தான் இருக்கும், குடித்திருப்பான் என்று ரெங்கராஜ் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வேன் கண்ணுக்கு மறைந்த பிறகுதான், ஜெனரேட்டர் அறைச் சாவி பெரியண்ணனின் இடுப்புக் கயிற்றோடு போய்விட்டது என்பது அவனுக்கு உறைத்தது.

லேபுக்குத் திரும்பியபோது வாசல் வரிசை முழுக்க இருட்டாகக் கிடந்தது. நடு வரிசை மட்டும் எரிந்தது. திலகவதி ஒரு திரையைப் பார்த்தபடி நின்றாள்.

"சார், இங்க வாங்க. பெரியண்ணன்னு போட்டிருக்கு. மெஷினு இங்க ஆஃப் ஆயிருச்சு. ஆனா அந்தப் பேருல வேலை ஓடுது. எங்கயோ வடக்க ஒரு யுனிவர்சிட்டில ஓடுதுன்னு காட்டுது."

"அதுதாம்மா அந்த சாஃப்ட்வேரோட முறை."

"அவரு ஒதடு நின்னதும் மெஷினு நின்னதும் ஒண்ணா சார் நடந்துச்சு." அவள் குரல் தாழ்ந்தது. "மெஷினுக்கு எதுக்கு சார் அவரு பேரு?"

"சும்மா, ஒரு வெளையாட்டுக்கு."

"என் பேரு இருக்கா?"

"சேச்சே."

பொய்யைச் சொல்லிவிட்டு அவன் திரைப் பட்டியலின் தலையைப் பார்த்தான். தேவிப்ரியா, ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் பார்த்த உதடு நினைவுக்கு வந்தது. படித்தவன், கணினித் துறைத் தலைவன், இதையெல்லாம் நம்புகிறவனா அவன்? போனை எடுத்து வீட்டுக்குப் போட்டான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கும் சத்தம் கேட்டது, பேச்சு இல்லை. காற்றிரைச்சல். திறந்த கடலில் அடிக்கிற மாதிரி பெருங்காற்று, அதற்கு அடியில் வேகவேகமாக ஒரு முணுமுணுப்பு.

"தேவி?"

முணுமுணுப்பு. எண்கள்.

அந்தப் பழைய டப்பாவின் மவுஸைத் தொட்டான்.

"என்னங்க?" என்றாள் தேவிப்ரியா, பக்கத்தில் நின்று பேசுவது போல. "கரண்டு இல்ல இங்கிட்டு. வரையில கொஞ்சம் மெழு..."

கையை எடுத்தான்.

காற்று. எண்கள்.

தொட்டான்.

"...குவத்தி வாங்கியாங்க. என்னங்க, பேசாம இருக்கீங்க?"

வாழ்க்கையில் முதல்முறையாகப் பொண்டாட்டியின் பேச்சை அவன் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "பேசு தேவி. பேசிக்கிட்டே இரு" என்றான். என்ன பேச என்று அவள் கேட்டாள். எதையாவது பேசு என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தண்ணி வராதது, கொய்யா மரத்தில் எறும்பு ஏறியது, விடுதியில் இருக்கிற மகன் போன் பண்ணியது என்று சொல்லிக்கொண்டே போனாள். அவன் மவுஸை இங்கிட்டும் அங்கிட்டும் அசைத்துக்கொண்டே இருந்தான்.

அணைக்கக் கூடாது. அணைத்தால் பெரியண்ணன் கதிதான். பெயரை மாற்றலாம் என்றால், வேலை முடியாமல் மாற்ற விடாது. இன்னும் அனுப்புங்கள் என்று எழுதியவன் அவன்தானே? அடுக்கி அனுப்பியிருந்தார்கள். ஒரே வழி, பாட்டரி ஓயும்போது கணக்கு ஒதுங்கி நிற்க வேண்டும், அவள் அவளாக இருக்க வேண்டும். அதுவரை மவுஸிலிருந்து கை எடுக்கக் கூடாது.

பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம். திலகவதி வரிசையாக ஒவ்வொரு திரையாகப் பார்த்து வந்து, ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் எழுதிய திரை. கண்ணில் நீர் நின்றது, கை மவுஸின் மேல் இருந்தது.

"நான் உங்களுக்கு என்ன சார் பண்ணுனேன்?"

"திலகவதி, நான் வீட்டுக்குப் போகணும். கொஞ்ச நேரம் இதையும் சேத்து..."

"நீங்க உங்க வீட்டம்மாவப் பாத்துக்கங்க. நான் என்னையப் பாத்துக்கணும்ல."

அதற்குமேல் அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. யூ.பி.எஸ். விட்டுவிட்டுக் கத்தியது நெருங்கி நெருங்கி வந்தது. ஈர வாடை மூக்கை அடைத்தது, கூரையிலிருந்து ஒரு சொட்டு அவன் பிடரியில் விழுந்தது, சில்லென்று முதுகில் இறங்கியது. காதில் தேவிப்ரியா எறும்புப் பொடியின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது அவனுடைய சொந்தக் கணினித் திரையில் ஒரு பெட்டி விரிந்தது. அடுத்த மேசை. ஒரு கையில் போன், மறு கையில் மவுஸ்; மவுஸை விட்டு எட்டினால் தொடலாம். பெரிய கணினியில் உங்கள் ஆராய்ச்சிக்கான முறை வந்துவிட்டது, ஏற்கிறீர்களா?

எத்தனை வருஷம்! எத்தனை பேரிடம் பல்லைக் காட்டியது! விட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும். ஒரு சொடுக்கு. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். யூ.பி.எஸ். இன்னும் ஓயவில்லை. ஒரே ஒரு சொடுக்கு.

மவுஸை விட்டு எட்டினான்.

சொடுக்கினான்.

நீளமான ஊளை. இருட்டு.

விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. திலகவதி மூச்சு வாங்குவது கேட்டது. அவள் எழுந்தாள், தடுமாறினாள், மேசையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் பிழைத்துவிட்டாள். மவுஸிலிருந்து கையை எடுக்கவே இல்லை அவள்.

"தேவி?"

காற்றும் இல்லை, எண்ணும் இல்லை.

"தேவி!"

"சொல்லுங்க."

குரல் தெளிவாக இருந்தது. முன்னைவிடத் தெளிவு, ஒரு கரகரப்பும் இல்லை. ரெங்கராஜ் இருட்டில் உட்கார்ந்து விசும்பினான். "வந்துட்டேன், போனை வைக்காத, வந்துட்டேன்" என்றான். போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். ரோட்டில் விளக்கில்லை. இரண்டு பக்கமும் கருவேலங்காடு கருத்துக் கிடந்தது. தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டான். இனிமேல் அவளை ஒரு சொல் சொல்வதில்லை. மணமேல்குடிக்குக் கூட்டிப்போய் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம்.

"என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"வேலையாத்தான் இருக்கேன். மெதுவா வாங்க, அவசரமில்ல."

"கரண்டு வந்துருச்சா?"

"இங்கிட்டு எங்க கரண்டு போவுது? நல்ல வெளிச்சமா இருக்கு."

எதிரே இலுப்பூர் இருட்டாகக் கிடந்தது. ஒரு விளக்கு இல்லை. சில வீட்டு ஜன்னலில் மெழுகுவத்தி மட்டும் ஆடியது.

"பக்கத்துல யாரு?"

"உங்க காலேஜ்ல இருந்தாராம்ல பெரியண்ணன்னு, அந்த அண்ணன்தான். நல்ல மனுசன். எனக்கு அடுத்த கட்டம் அவருக்கு."

தேவிப்ரியா கல்லூரிப் பக்கம் வந்ததே கிடையாது. பெரியண்ணனைப் பார்த்ததும் கிடையாது. வண்டி அவன் கையில் நிற்கவில்லை. தெருமுனையில் சறுக்கி விழுந்தான். முட்டி கிழிந்தது. எழுந்து ஓடினான். பையில் அவள் பேசிக்கொண்டே வந்தாள், பார்த்து வாங்க, பார்த்து வாங்க என்று.

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினான். கூடத்துத் தரையில் தண்ணீர். கணுக்கால் அளவு. உப்பு வாடை. சுவரெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. பையிலிருந்து போனை எடுத்து அதன் விளக்கைப் போட்டான்.

சமையற்கட்டு.

அவள் போன் தண்ணீரில் கிடந்தது. செத்துப் போயிருந்தது. திரை உப்பி வெடித்திருந்தது.

அதற்குப் பக்கத்தில் தேவிப்ரியா உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, இரண்டு கையும் மடியில். அப்படி அவள் உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை. நெஞ்சு ஏறி இறங்கியது. கண் திறந்திருந்தது. உதடு அசையவில்லை.

"வந்துட்டீங்களா?" என்றாள் தேவிப்ரியா, அவன் உள்ளங்கைக்குள்ளிருந்து. பின்னால் எத்தனையோ குரல்கள், எத்தனையோ ஊர்ப் பேச்சு, இரைச்சலாக. "சோறு வடிச்சு வச்சிருக்கேன். போட்டுத் தின்னுட்டுப் படுங்க. இங்கிட்டு வேலை தலைக்கு மேல கெடக்கு, எனக்குக் கை ஒழியாது."

சுவரிலிருந்து ஓர் எறும்பு இறங்கி, அவள் கன்னத்தில் ஏறி, திறந்த கண்ணின் வெள்ளையில் நடந்து போனது. இமை அடிக்கவில்லை. போனில் அவள் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.